ஊற்றுக்கண்ணை அடைக்கும் மாத்திரை: லெட்ரோசோல் 2.5 மி.கி., ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மாத்திரைக்கு மதிப்பீடு எழுதுவது முறைதானா என்று சில மாதங்கள் யோசித்தேன். கிரைண்டரையும் குக்கரையும் போல இதைக் கடையில் நாமாகப் பார்த்து வாங்குவதில்லை. மருத்துவர் எழுதித் தருகிறார், நாம் விழுங்குகிறோம். ஆனாலும் ஒரு பொருளை நாளுக்கு ஒன்றாக ஐந்து ஆண்டுகள், ஏறத்தாழ 1,800 முறை பயன்படுத்தியவள் என்ற முறையில், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைச் செய்கிறதா, அதற்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது, அட்டையோடு வரும் தாளில் எது சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது என்பவற்றை எழுதிவைப்பது யாருக்காவது பயன்படும் என்றே இப்போது நினைக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கான அறுவையும், கீமோவும், நம்மூரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்ச்சிகிச்சையும் முடிந்து, கையில் ஒரு மாத்திரை அட்டையோடு வீடு திரும்பியிருக்கும் பெண்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பெரிய சிகிச்சையெல்லாம் முடிந்துவிட்டது, இது வெறும் மாத்திரைதானே என்ற எண்ணம் அந்தக் கட்டத்தில்தான் வருகிறது. எனக்கும் வந்தது.

அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெறும் தறுவாயில், என் 58-ஆவது வயதில், இடது மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. கட்டியின் அளவு 2.3 செ.மீ.; அக்குளில் எடுத்த நிணநீர்க் கணுக்களில் இரண்டில் நோய் இருந்தது. பயாப்சி அறிக்கையில், ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் இடமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 90 சதவீத செல்களில் இருப்பதாகவும், ஹெர்-2 என்ற புரதம் மிகுதியாக இல்லை என்றும் எழுதியிருந்தது. எட்டு மாதச் சிகிச்சைக்குப் பின் மருத்துவர் லெட்ரோசோலை எழுதித் தந்து, “இது ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும், அஞ்சு வருஷம் விடாம சாப்பிடணும்மா” என்றார். எனக்கு மாதவிடாய் நின்று எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. “நின்னுபோனவளுக்கு ஏது டாக்டர் ஈஸ்ட்ரோஜன்? இல்லாததை எப்படிக் குறைப்பீங்க?” என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றுவரை என் காதில் இருக்கிறது: “நின்னது சினைப்பைதான்மா. கட்டி தனக்கு வேண்டியதைத் தானே பண்ணிக்கிட்டு இருந்திருக்கு.”

இந்த ஒரு வாக்கியத்தின் பொருளைத் தெரிந்துகொள்ளாமல் இந்த மாத்திரையை மதிப்பிட முடியாது என்பதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் வெறுமனே தோன்றுவதில்லை; அது எப்போதுமே ஆண்ட்ரோஜன் எனப்படும், ஆண்களுக்கு உரியவை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் ஹார்மோன்களிலிருந்துதான் உண்டாகிறது. மாதவிடாய் நிற்கும்வரை இந்த மாற்றம் பெரும்பாலும் சினைப்பையில் நடக்கிறது. அது ஓய்ந்த பிறகும், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற மூலப்பொருளைத் தொடர்ந்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. அதை எடுத்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமடேஸ் என்ற நொதி, கொழுப்புத் திசு, தசை, தோல், எலும்பு, மூளை என்று உடம்பில் பல இடங்களில் இருக்கிறது. வயதான பெண்ணின் இரத்தத்தில் ஓடும் சொற்ப ஈஸ்ட்ரோஜன் இப்படி வந்ததுதான். உடற்பருமன் கூடும்போது மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த வகைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுவதற்கும் இதுவே ஒரு காரணம். கொழுப்பு என்பது சேமிப்புக் கிடங்கு மட்டுமல்ல, அது வேலை நடக்கும் பட்டறையும்கூட.

வேதியியல் படித்தவளுக்கு இந்த மாற்றத்தைப் பார்த்தால் வியப்பு அடங்காது. ஆண்ட்ரோஸ்டீன்டையோனில் 19 கார்பன் அணுக்கள். அதிலிருந்து வரும் ஈஸ்ட்ரோன் என்ற ஈஸ்ட்ரோஜனில் 18. மூன்று படிகளில், மூன்று ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் செலவிட்டு, அரோமடேஸ் அந்த ஒரே ஒரு கார்பனைக் கழற்றி ஃபார்மிக் அமிலமாக வெளியே தள்ளுகிறது. எறும்பு கடித்தால் எரியவைக்கும் அதே அமிலம்தான். கார்பன் கழன்றதும் மூலக்கூறின் முதல் வளையம் பென்சீனைப் போன்ற அரோமாட்டிக் வளையமாகிவிடுகிறது. நொதிக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். இதே வழியில் டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண்ட்ரோஜன், ஈஸ்ட்ரடையால் என்ற இன்னொரு ஈஸ்ட்ரோஜன் ஆகிறது. ஒரு கார்பன் குறைந்து ஒரு வளையம் மாறியதில் ஒரு ஹார்மோனின் குணமே தலைகீழாகிறது. முப்பது ஆண்டுகள் பென்சீன் வளையத்தைக் கரும்பலகையில் வரைந்தவளுக்கு, அது தன் மார்புக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது தெரியாமல் போயிற்றே என்று அன்றிரவு அழுதேன்.

இனி கட்டிக்கு வருகிறேன். மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகக் கட்டிகளில் ஈஸ்ட்ரடையாலின் அளவை அளந்து பார்த்தால், அதே பெண்ணின் இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊர்க்குளம் வற்றிய பிறகும் ஒரு வீட்டுத் தோட்டம் மட்டும் பச்சையாக இருந்தால், உள்ளே கிணறு இருக்கிறது என்றுதானே பொருள்? 1974-இல் எடின்பரோவில் மில்லர், ஃபாரஸ்ட் என்னும் இருவர், அறுவையில் எடுத்த கட்டித் துண்டுகளை டெஸ்டோஸ்டீரோனோடு வைத்துப் பார்த்து, சில கட்டிகள் அதிலிருந்து ஈஸ்ட்ரடையாலைத் தாமே உண்டாக்குவதைக் கண்டு வெளியிட்டார்கள். 1988-இல் அதே எடின்பரோ குழு, அகற்றப்பட்ட மார்பகங்களை நான்கு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் உள்ள கொழுப்பின் அரோமடேஸ் செயலை அளந்தது. கட்டி இருந்த பகுதியில்தான் அது மிகுதியாக இருந்தது.

ஏன் அப்படி என்பதற்குப் பின்னர் கிடைத்த விடைதான் என்னை மிகவும் உலுக்கியது. அரோமடேஸை உண்டாக்கும் மரபணு ஒன்றுதான். ஆனால் அதை இயக்கும் சுவிட்சுகள் பல. நஞ்சுக்கொடிக்கு ஒன்று, சினைப்பைக்கு ஒன்று, கொழுப்புத் திசுவுக்கு ஒன்று என்று ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய சுவிட்சைப் பயன்படுத்துகிறது. சாதாரண மார்பகக் கொழுப்பில் இருக்கும் சுவிட்சு வலுக் குறைந்தது. புற்றுசெல்களோ புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருளைச் சுரந்து, தம்மைச் சுற்றியுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்களை, சினைப்பை பயன்படுத்தும் வலுவான சுவிட்சைத் தட்டும்படி செய்துவிடுகின்றன. அதோடு, அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் முதிர்ந்து கொழுப்புச் செல்களாக மாறிவிடாமலும் தடுத்து வைக்கின்றன. ஏனெனில் அரோமடேஸ் மிகுதியாக இருப்பது முதிராத நிலையில்தான். ஆகவே கட்டி தானாக மட்டும் இதைச் செய்துகொள்வதில்லை, அக்கம்பக்கத்தையும் தன் வேலைக்கு வைத்துக்கொள்கிறது. பக்கத்துச் செல்கள் ஈஸ்ட்ரோஜனைச் செய்துதர, புற்றுசெல்கள் அதை வாங்கிக்கொண்டு பெருகுகின்றன. பெருகிய செல்கள் இன்னும் அதிகம் கேட்கின்றன.

கட்டிக்குள் வேறு இரண்டு வழிகளும் உண்டு. இரத்தத்தில் தாராளமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஈஸ்ட்ரோன் சல்ஃபேட் என்ற செயலற்ற வடிவத்திலிருந்து சல்ஃபடேஸ் நொதி ஈஸ்ட்ரோனைப் பிரித்தெடுக்கிறது. வலுக் குறைந்த ஈஸ்ட்ரோனை வலு மிகுந்த ஈஸ்ட்ரடையாலாக்குவது மற்றொரு நொதி. எனினும் அந்த ஈஸ்ட்ரோன் சல்ஃபேட்டுக்கும் மூலம் எங்கோ ஓரிடத்தில் அரோமடேஸ் செய்து கொடுத்த ஈஸ்ட்ரோன்தான் என்பதால், ஊற்றுக்கண்ணை அடைத்தால் இந்த வாய்க்கால்களிலும் நீர் குறைந்துவிடுகிறது. லெட்ரோசோல் அடைப்பது அந்த ஊற்றுக்கண்ணை.

அரோமடேஸின் நடுவே ஓர் இரும்பு அணு இருக்கிறது. நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமில் இருப்பதைப் போன்றதே அதுவும். லெட்ரோசோலில் உள்ள ட்ரையசோல் வளையத்தின் நைட்ரஜன் போய் அந்த இரும்பைப் பற்றிக்கொள்கிறது. ஆண்ட்ரோஸ்டீன்டையோன் வந்து உட்கார வேண்டிய இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருக்கும்போது வேலை நின்றுவிடுகிறது. இந்தப் பிடி நிரந்தரமானதல்ல, விட்டுப்போகக்கூடியது. அதனால்தான் நாள்தோறும் சாப்பிட வேண்டியிருக்கிறது. எக்ஸெமெஸ்டேன் என்ற இன்னொரு மருந்து நொதியோடு பிரியாமல் ஒட்டி அதையே பழுதாக்கிவிடும் வகையைச் சேர்ந்தது. அனாஸ்ட்ரசோல் லெட்ரோசோலின் வழியில் வேலை செய்வது. அரோமடேஸின் முப்பரிமாண வடிவம் 2009-இல்தான் தெரியவந்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் தேபாஷிஷ் கோஷ் தலைமையிலான குழு, மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்த நொதியைப் படிகமாக்கி அதைக் கண்டறிந்தது. லெட்ரோசோல் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1997-இல், அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. பூட்டின் உட்புறத்தைப் பார்ப்பதற்கு முன்பே சாவி தயாராகியிருந்தது.

அந்தச் சாவிக்குப் பின்னால் ஒரு பெண்மணி இருக்கிறார் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். 1895-இல் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் நோய் முற்றிய ஒரு பெண்ணின் சினைப்பைகளை அகற்றிக் கட்டி சுருங்குவதைக் கண்டார். பின்னர் 1950-களில் அட்ரீனல் சுரப்பிகளையே அறுத்தெடுக்கும் கொடிய வைத்தியமும் வந்தது. உறுப்பை அகற்றாமல் நொதியை மட்டும் தடுக்க முடியும் என்ற எண்ணத்தை 1970-களில் பிடித்துக்கொண்டு, ஃபார்மெஸ்டேன் என்ற மருந்தை உருவாக்கியவர் ஏஞ்சலா புரோடி. முதலில் மாசசூசெட்ஸிலும் பின்னர் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய அவர் 2017-இல் மறைந்தார். ஃபார்மெஸ்டேனை ஊசியாகத் தசையில் போட வேண்டியிருந்தது. இன்று நாம் ஒரு வாய்த் தண்ணீரோடு முடித்துவிடும் காரியத்துக்கு அவர் போட்டதுதான் பாதை.

சொன்ன வேலையைச் செய்கிறதா என்ற முதல் கேள்விக்கு என் விடை, ஐயமின்றி, செய்கிறது என்பதே. ஒருத்தியின் அனுபவம் இதற்குச் சான்றாகாது. எனக்கு நோய் திரும்பவில்லை என்பதை மாத்திரையின் கணக்கிலேயே முழுதாக எழுதிவிட முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான பெண்களின் அனுபவம் சான்றாகும். உடலில் நடக்கும் அரோமடேஸ் மாற்றத்தை லெட்ரோசோல் 98 சதவீதத்துக்கும் மேல் தடுப்பதாக அளந்திருக்கிறார்கள். 8,010 பெண்கள் பங்கேற்ற ‘பிக் 1-98’ ஆய்வில், இதே நோய்க்குத் தரப்படும் டமாக்சிஃபென் என்ற மருந்தைவிட லெட்ரோசோல் நோய் திரும்புவதை அதிகம் தடுத்தது. 31,920 பெண்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2015-இல் வெளியான கூட்டாய்வில், ஐந்தாண்டுகள் டமாக்சிஃபென் எடுத்தவர்களில் பத்தாண்டுக்குள் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 14.2 சதவீதமாகவும், லெட்ரோசோல் போன்ற அரோமடேஸ் தடுப்பி எடுத்தவர்களில் 12.1 சதவீதமாகவும் இருந்தார்கள். நூறு பேரில் இரண்டு பேர் என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். டமாக்சிஃபெனே பல உயிர்களைக் காக்கும் நல்ல மருந்து, அதற்கும் மேலே இந்த இரண்டு பேர் என்பதையும், அந்த இருவரும் யாருக்கோ அம்மாவாகவோ அக்காவாகவோ இருப்பவர்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால் அது சின்ன எண்ணல்ல.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதைத் தடுப்பதில்லை. மார்பகச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் ஏற்பியைத் தான் பிடித்துக்கொண்டு வழியை மறிக்கிறது. கர்ப்பப்பையில் அதுவே ஓரளவு ஈஸ்ட்ரோஜனைப் போல நடந்துகொள்வதால் அங்கே புற்றுநோய் வரும் அபாயம் சிறிது கூடுகிறது. இரத்தம் உறைவதும் உண்டு. லெட்ரோசோலில் அந்த இரண்டைப் பற்றிய கவலை குறைவு. மாறாக, எலும்புக்கு டமாக்சிஃபென் செய்யும் நன்மை இதில் இல்லை. இது எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இப்போது விலையைச் சொல்கிறேன். உடம்பு கொடுத்த விலையை. முதல் இரண்டு மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் ஒரு விடியற்காலையில் எழுந்து பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தபோது விரல்கள் மடங்கவில்லை. குளிரினால் என்று நினைத்தேன். அடுத்த வாரம் முழங்கால், அதன்பின் மணிக்கட்டு. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் பத்து அடி வைப்பதற்குள் எண்பது வயதுக் கிழவியாகி, பத்து மணிக்கெல்லாம் மறுபடியும் என் வயதுக்குத் திரும்புவேன். கோலம் போடக் குனிந்தால் எழுந்திருக்க நிலைப்படியைப் பிடிக்க வேண்டியிருந்தது. இது வாதம் என்று என் நாத்தனார் எண்ணெய் காய்ச்சி அனுப்பினார். அவருடைய அன்புக்காகத் தடவிக்கொண்டேன். ஆனால் இது வாதமல்ல, ஈஸ்ட்ரோஜன் உடம்பிலிருந்து ஏறக்குறைய முற்றிலும் போய்விட்டதன் விளைவு. அரோமடேஸ் தடுப்பிகளை எடுக்கும் பெண்களிடையே மிகப் பரவலாகக் காணப்படும் தொல்லை இதுதான். பலர் மருத்துவரிடம் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுவதற்கும் இதுவே முதன்மைக் காரணம்.

நானும் நிறுத்தினேன். ஐந்தாம் மாதத்தில் பதினாறு நாட்கள், யாரிடமும் சொல்லாமல். வலி சற்றுக் குறைந்தது, மனம் கனத்தது. அந்த நாட்களில்தான் கட்டி தன் அக்கம்பக்கத்துச் செல்களை வேலைக்கு வைப்பதைப் பற்றி முதன்முதலாகப் படித்தேன். கண்ணுக்குத் தெரியாத நான்கைந்து செல்கள் எங்கேனும் எஞ்சியிருந்தால், நான் மாத்திரையை நிறுத்திய இந்தப் பதினாறு நாட்களில் அவற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் மறுபடியும் கிடைத்திருக்கும் என்று புரிந்தது. பதினேழாம் நாள் மருத்துவரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. வலி தாங்க முடியாவிட்டால் லெட்ரோசோலிலிருந்து அனாஸ்ட்ரசோலுக்கோ எக்ஸெமெஸ்டேனுக்கோ மாறிப் பார்க்கலாம், ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு மற்றொன்று ஒத்துக்கொள்கிறது என்றார். முதலில் நடக்கச் சொன்னார். நாள்தோறும் நாற்பது நிமிட நடையும், வாரம் இருமுறை சிறு எடைகளைத் தூக்கும் பயிற்சியும் ஆரம்பித்தபின், மூன்று மாதங்களில் வலி பாதியாயிற்று. வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் மூட்டு இன்னும் இறுகுகிறது. அசைய அசையத்தான் இளகுகிறது. வலி முற்றிலும் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றும் காலையில் கைகளை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்த பிறகே தேங்காய் துருவுகிறேன்.

மூட்டு வலி தன்னைக் காட்டிக்கொள்கிறது, எலும்பு காட்டிக்கொள்வதில்லை. மாத்திரையைத் தொடங்கும் முன் எடுத்த, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் என் இடுப்பெலும்பின் டி-ஸ்கோர் (அடர்த்தி குறையக் குறைய இந்த எண் சுழியத்துக்குக் கீழே இறங்கும்) -1.1, இரண்டாண்டு கழித்து -1.9. ஒரு வலியும் இல்லாமல் இவ்வளவு கரைந்திருந்தது. மேலே சொன்ன கூட்டாய்வில் ஐந்தாண்டுக்குள் எலும்பு முறிவு கண்டவர்கள் டமாக்சிஃபென் பக்கம் 5.5 சதவீதம், அரோமடேஸ் தடுப்பிகள் பக்கம் 8.2 சதவீதம். எனக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலெட்ரோனிக் அமிலத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். கால்சியமும் வைட்டமின் டி-யும் நாள்தோறும். இந்த ஊசிக்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துப் பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கி ஆற்றிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அரிதாகத் தாடையெலும்பு பாதிக்கப்படுவது உண்டு. முதல் முறை ஏற்றியபோது இரண்டு நாட்கள் காய்ச்சல் அடித்தது, பிறகு இல்லை. மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்த ஊசி எலும்பைக் காப்பதோடு, புற்றுநோய் எலும்பில் திரும்புவதையும் ஓரளவு தடுக்கிறது என்று 2015-இன் இன்னொரு கூட்டாய்வு காட்டியது. கடைசி ஸ்கேனில் என் எண் -1.7. லெட்ரோசோல் தொடங்கும் எந்தப் பெண்ணும் முதல் அட்டையைப் பிரிக்கும் மாதத்திலேயே டெக்சா ஸ்கேனைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது இந்த மதிப்பீட்டில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி.

மற்றவை: திடீரென்று முகமும் கழுத்தும் தீப்பற்றியது போலாகும் வெப்ப அலைகள் முதல் ஆண்டில் இரவுக்கு மூன்று நான்கு முறை வந்தன, பிறகு குறைந்தன. தலைமுடி மெலிந்தது. கொலஸ்டிரால் சற்று ஏறியது. பிறப்புறுப்பு வறட்சியைப் பற்றி நம் பெண்கள் வாய்திறப்பதே இல்லை. அது வருகிறது, அதற்கு வழிகள் இருக்கின்றன, ஆனால் கடையில் கேட்டு ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பைத் தாமாக வாங்கித் தடவக் கூடாது. ஒருபுறம் ஊற்றை அடைத்துவிட்டு மறுபுறம் குடத்தில் ஊற்றுவதாகிவிடும். ஹார்மோன் கலவாதவை உண்டு. மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்.

யாருக்கு இது உரியதல்ல என்பதும் முக்கியம். மாதவிடாய் நிற்காத பெண்ணிடம் இதைத் தனியே கொடுத்தால், ஈஸ்ட்ரோஜன் குறைவதைக் கண்ட மூளை, பிட்யூட்டரி சுரப்பி வழியாகச் சினைப்பையை மேலும் தூண்டிவிடும். சினைப்பையை ஊசியால் ஓயவைத்த பிறகே அவர்களுக்கு இதைத் தருகிறார்கள். இதே தூண்டலைப் பயன்படுத்தித்தான் குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் கருமுட்டை வெளிவரவும் இதே மாத்திரையைக் கொடுக்கிறார்கள். இந்தியாவில் அந்தப் பயன்பாட்டுக்கு 2011-இல் தடை விதிக்கப்பட்டுப் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. குழந்தைப்பேற்றுக்கும் இதைத் தருவதால்தான் மருந்துக்கடையில் சீட்டை நீட்டியபோது ஓர் இளைஞர், “உங்க பொண்ணுக்காம்மா?” என்று கேட்டார். “எனக்குத்தாம்பா” என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்து, விளக்கிச் சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து நான் போவதற்கு முன்பே அட்டைகளை எடுத்து வைத்துவிடுவார். மாத்திரை ஒன்றுதான், அது நுழையும் உடம்பு வேறு.

பொருளாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. சிறிய மாத்திரை, தொண்டையில் சிக்காது, கசப்பு தெரியாது, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எடுக்கலாம். நான் இரவு உணவுக்குப் பின் எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். உடலில் இது பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆவதால், ஒருநாள் மறந்துவிட்டால் பதற வேண்டியதில்லை; மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்கவும் கூடாது. முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் பெயர் ஃபெமாரா. இந்திய நிறுவனங்கள் பலவும் இதைச் செய்கின்றன. ஐந்தாண்டில் மூன்று நிறுவனங்களின் மாத்திரைகளைச் சாப்பிட்டிருக்கிறேன், வேறுபாடு எதுவும் உணரவில்லை. ஆனால் அதே 2.5 மி.கி. அட்டைக்கு அட்டை விலை பல மடங்கு வேறுபடுகிறது. ஐந்தாண்டுக் கணக்குப் போட்டால் அது ஒரு குடும்பத்துக்குப் பெரிய தொகை. குறைந்த விலையில் நம்பகமானது எது என்று மருத்துவரிடமே கேட்பதில் வெட்கம் இல்லை.

மனவருத்தம் ஒன்று உண்டு, அது அட்டையோடு வரும் தாளைப் பற்றியது. அட்டையை வெட்டி விற்கும்போது பெரும்பாலும் அது வருவதே இல்லை; வந்தபோதும் எறும்பு ஊர்வது போன்ற ஆங்கில எழுத்துகளில் பக்கவிளைவுகளின் நீண்ட வரிசை மட்டுமே இருந்தது. இந்த மாத்திரை எதை, எங்கே, ஏன் தடுக்கிறது என்று தமிழில் பத்து வரி இருந்திருந்தால், அந்தப் பதினாறு நாட்கள் எனக்கு நேர்ந்திராது. பயத்தை மட்டும் அச்சிட்டுக் காரணத்தை விட்டுவிட்டால், வலி வந்த அன்று ஒரு பெண் எதைப் பிடித்துக்கொண்டு மாத்திரையை விழுங்குவாள்?

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். எல்லாக் கட்டிகளும் இதற்கு அடங்குவதில்லை. பரவிய நோய்க்கு இதை நெடுநாள் எடுப்பவர்களில் சிலருடைய புற்றுசெல்களில் ஏற்பியின் மரபணுவே மாறி, ஈஸ்ட்ரோஜன் இல்லாமலேயே ஏற்பி இயங்கத் தொடங்கிவிடுகிறது. கிணற்றை மூடிய பிறகு நீரில்லாமல் வளரக் கற்றுக்கொண்ட பயிர் அது. அத்தகையோருக்கு ஏற்பியையே அழிக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் போன்றவை இருக்கின்றன. பரவிய நோயில் லெட்ரோசோலோடு சேர்த்துக் கொடுக்கப்படும் பல்போசிக்லிப் 2015-இல் வந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத புற்றுநோய்க்கோ இந்த மாத்திரையால் பயனில்லை. பயாப்சி அறிக்கையில் அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.

சென்ற மாதம் என் ஐந்தாண்டு நிறைவடைந்தது. நிறுத்துவதா தொடர்வதா என்று மருத்துவரும் நானும் உட்கார்ந்து பேசினோம். ஐந்தாண்டு ஹார்மோன் சிகிச்சைக்குப் பின் அனாஸ்ட்ரசோலை மேலும் இரண்டாண்டு எடுத்தவர்களையும் ஐந்தாண்டு எடுத்தவர்களையும் ஒப்பிட்ட ஆஸ்திரிய ஆய்வொன்று 2021-இல் வெளியானது. நோய் திரும்புவதில் வேறுபாடு இல்லை, எலும்பு முறிவு மட்டும் ஐந்தாண்டுப் பக்கம் கூடுதல். எனக்கு இரண்டு கணுக்களில் நோய் இருந்ததால் இப்போதே நிறுத்த மனம் வரவில்லை. எலும்பை நினைத்தால் இன்னும் ஐந்தாண்டு என்று சொல்லவும் துணிவில்லை. இரண்டாண்டு தொடர்வது என்று முடிவாயிற்று. தை மாதம் அடுத்த டெக்சா ஸ்கேன். அதில் எண் எலும்புப்புரையின் எல்லையான -2.5-ஐத் தொட்டுவிட்டால் மறுபடியும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.